அத்தியாயம் 7: ஊரில் வந்து தங்குவோரின் பணமும் வங்கிக் கணக்கும்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடும் நிரந்தர வதிவிட உரிமையோடும் ஒட்டுசுட்டானுக்கு வந்து மாதக்கணக்கில் தங்குவோரின் பணவிவகாரம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. ஒன்று, அவர் எந்த நாட்டுப் பிரஜை? மற்றது, அவருடைய பணம் எந்த வழியால் நாட்டுக்குள் வந்தது? அன்றாடத்தில் அதிக எடை இரண்டாவது கேள்விக்குத்தான். வங்கி வழியாக உரிய கணக்குக்குள் வந்த டொலர், தேவைப்படும்போது அதே வழியால் வெளியே போகும். உறவினரின் சேமிப்புக் கணக்கில் ரூபாயாக விழுந்த பணமும், வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த பணமும் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே நின்றுவிடும். வீடு கட்டுவது, காணி வாங்குவது, முதுமையில் பிள்ளைகளிடம் திரும்பிப் போவது எல்லாம் இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கின்றன.

இதற்கான அடிப்படைச் சட்டம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017 நவம்பர் 20ஆம் திகதி இது நடைமுறைக்கு வந்தது. சட்டம் நிலையாக இருந்தாலும் அதன் கீழ் வரும் கட்டளைகளும் வரம்புகளும் அடிக்கடி மாறும். பெரிய தொகையை அசைக்கும் முன் வங்கியிடமோ, கிளிநொச்சியிலுள்ள இலங்கை மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்திடமோ அன்றைய நிலையைக் கேட்டறிய வேண்டும்.

பிரஜாவுரிமையும் விசாவும்

ஊருக்கு வருவோரில் நான்கு வகையினர் உண்டு. முதலாமவர், வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தும் இலங்கைக் கடவுச்சீட்டைக் கைவிடாதவர். இரண்டாமவர், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர். மூன்றாமவர், கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிரஜாவுரிமை பெற்றதோடு இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர். நான்காமவர், வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகள். முதல் இரு வகையினருக்கும் விசாவோ காணியோ தடையாக இராது. மூன்றாமவர் ஒட்டுசுட்டான் பகுதியின் முத்தையன்கட்டில் பிறந்து வளர்ந்தவராகவே இருக்கலாம். ஆனாலும் சட்டத்தின் முன் அவர் வெளிநாட்டவர்.

மூன்றாம் வகையினர் நீண்டகாலம் தங்க நினைத்தால் இரட்டைப் பிரஜாவுரிமை எடுப்பதே சிறந்த வழி. 55 வயதைக் கடந்தவர்கள் வயதின் அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம். அதை விரும்பாதவர்களுக்கு ‘மை ட்ரீம் ஹோம்’ என்ற வதிவிட விசா உண்டு. அதற்கும் வயது 55ஐக் கடந்திருக்க வேண்டும். 15,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பும், மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வரும் 1,500 டொலரும் அதன் பண நிபந்தனைகள். கூட வரும் ஒவ்வொரு தங்கிவாழ்பவருக்கும் மாதம் 750 டொலர் மேலதிகமாக வரவேண்டும். தாய்லாந்தின் ஓய்வுகால விசாவும் இதே முறையில்தான் இயங்குகிறது. 50 வயதைக் கடந்தவர் 8 இலட்சம் பாத்தைத் தாய்லாந்து வங்கியில் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். இரு நாடுகளிலும் விசாவைப் புதுப்பிக்கப் போகும்போது அலுவலர் பார்ப்பது வங்கிப் புத்தகத்தைத்தான். ஆகவே மாத வரவு ஒரே கணக்குக்கு, ஒரே பெயரில், இடைவிடாமல் வருவது அவசியம்.

எந்தக் கணக்கு எதற்கு

*தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு.* முன்பு என்.ஆர்.எப்.சி., ஆர்.எப்.சி. என்று வழங்கிய கணக்குகள் 2017இல் இந்த ஒரே கணக்காகின. வங்கியில் பி.எப்.சி.ஏ. என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அமெரிக்க டொலர், யூரோ, பவுண், கனேடிய டொலர், சுவிஸ் பிராங்க், நோர்வே குரோனர் ஆகியவற்றோடு தாய்லாந்து பாத்தும் அனுமதிக்கப்பட்ட நாணயங்களில் அடங்கும். 2022இல் இந்திய ரூபாயும் சேர்ந்தது. எல்லாக் கிளைகளும் எல்லா நாணயங்களையும் ஏற்பதில்லை என்பதால் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இக்கணக்கில் பணம் வெளிநாட்டு நாணயமாகவே இருக்கும். வட்டியும் அந்நாணயத்திலேயே வரும். ரூபாய் வேண்டியபோது வேண்டிய அளவை மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வதிபவர் மீதியைத் திருப்பி அனுப்பத் தடையில்லை. ஆனால் ரூபாயாக மாற்றிய பணத்தை மீண்டும் டொலராக்கி இதே கணக்கில் போட முடியாது. ஆகையால் மொத்தத் தொகையையும் வந்தவுடன் ரூபாயாக்கிவிடக் கூடாது.

*உள்முக முதலீட்டுக் கணக்கு.* வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டுவந்து பங்குகளிலோ, திறைசேரி முறிகளிலோ, சட்டம் அனுமதிக்கும் சொத்துகளிலோ முதலிடுவோர் இக்கணக்கைத் திறக்க வேண்டும். விற்ற பணமும் இலாபமும் இதற்கே திரும்பி வந்து, இதிலிருந்து வெளியே போகும். முதலீட்டுக்கு முன்பே கணக்குத் திறந்திருக்க வேண்டும். காணியை வாங்கிவிட்டு, விற்கும்போது இக்கணக்கைத் தேடிப் போவதில் பயனில்லை.

*மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு.* நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தவர் பெற்றோரின் வீட்டையோ வயலையோ விற்றால், அந்த ரூபாய் இக்கணக்குக்குள் வரும். இதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு மத்திய வங்கி வரம்பு விதிக்கிறது. டொலர் தட்டுப்பாடான காலங்களில் அந்த வரம்பு இறுகும்.

*சாதாரண ரூபாய்ச் சேமிப்புக் கணக்கு.* மின்கட்டணம், கடைக்கணக்கு, கூலி, உழவு இயந்திர வாடகை போன்ற அன்றாடச் செலவுக்கு இது போதும். இரண்டு மூன்று மாதச் செலவுக்கு மேல் இதில் வைத்திருக்கத் தேவையில்லை.

கணக்குத் திறத்தல்

கடவுச்சீட்டும் விசாவும், பிரஜையானால் தேசிய அடையாள அட்டையும், வெளிநாட்டு முகவரிக்கான சான்றும், பணம் வரும் மூலத்தைக் காட்டும் கடிதமும் வேண்டும். மூலத்துக்கு ஓய்வூதியக் கடிதம், சம்பளச் சீட்டு, வீடு விற்ற பத்திரம் போன்றவை பொருந்தும். உள்ளூர் முகவரிக்கு வங்கி கிராம அலுவலரின் சான்றைக் கேட்கக்கூடும். அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடுவித்துக்கொள்வது நல்லது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் இருக்கும் ஒட்டுசுட்டான்வாசிகளுக்கு இரு பக்கமும் வங்கி உண்டு. ஆனால் வெளிநாட்டு நாணயக் கணக்கை முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா போன்ற நகரங்களின் பெரிய கிளையொன்றில் தொடங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால், கனேடியக் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகப் பின்னால், திருமணத்துக்குப் பின் வேறொரு பெயர் என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி தேவைப்படும். கணக்குத் திறக்கும் நாளிலேயே அதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் பின்னர் வரும் பணம் பெயர்ப் பிணக்கால் திரும்பிப் போகாது.

தொலைபேசி இலக்கமும் கணக்கின் ஒரு பகுதியே. இணைய வங்கிச் சேவையின் ஒருமுறைக் கடவுக்குறி குறுஞ்செய்தியாக அந்த இலக்கத்துக்கு வரும். இலங்கை சிம் நீண்டகாலம் மீள்நிரப்பப்படாமல் இருந்தால் இலக்கம் துண்டிக்கப்படும்; குறியும் வராது. ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்கள் சிம்மை உயிருடன் வைத்திருக்க ஊரில் யாரிடமாவது பொறுப்புக் கொடுக்கலாம். கடவுச்சொல்லையோ வரும் குறியையோ அவரிடம் கொடுக்கக் கூடாது.

பணம் வரும் வழிகள்

வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் படிவத்தில் ஐந்து விடயங்கள் பிழையின்றி இருக்க வேண்டும்: கணக்கு உரிமையாளரின் முழுப்பெயர், கணக்கு இலக்கம், வங்கியின் பெயர், கிளையின் பெயர், சுவிப்ட் குறி. இலங்கை வங்கியின் குறி பி-சி-இ-வை-எல்-கே-எல்-எக்ஸ் என்ற எட்டு எழுத்துகள். ஐரோப்பிய வங்கிகளின் படிவத்தில் ஐபான் இலக்கம் கேட்கும் கட்டம் இருக்கும். இலங்கையில் ஐபான் முறை இல்லை. கணக்கு இலக்கத்தையே அங்கு எழுத வேண்டும். அனுப்பும் நோக்கம் என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல், குடும்பப் பராமரிப்பு, சொந்தச் சேமிப்பு, முதலீடு என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பின்னாளில் பணத்தின் வரலாற்றுக்கு அதுவே சாட்சி.

கட்டணம் மூன்று இடத்தில் கழியலாம்: அனுப்பும் வங்கி, இடைநிலை வங்கி, பெறும் வங்கி. இதைவிடப் பெரிய செலவு நாணயமாற்று விலையில் மறைந்திருக்கும். டொலருக்கு 2 ரூபாய் குறைத்துத் தந்தால் 10,000 டொலரில் 20,000 ரூபாய் போய்விடும். ஆகையால் ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கடைசியில் கையில் வரும் ரூபாயை ஒப்பிட வேண்டும். நாணயத்தாளாகக் கொண்டுவந்து மாற்றுவதைவிட வங்கி வழியாக வரும் பணத்துக்கு வழமையாக நல்ல விலை கிடைக்கும்.

வெளிநாட்டு வங்கி அட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்தில் பணம் எடுப்பது அவசரத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு தடவையும் இரு பக்கக் கட்டணம் விழும். திரையில் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ரூபாயையே தெரிவு செய்ய வேண்டும். இல்லையேல் இயந்திரம் வைத்திருக்கும் வங்கி தன் விருப்ப விலையில் மாற்றிவிடும். போயா நாட்களில் வங்கிகள் பூட்டு என்பதையும் செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

10 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ காசாகவோ மின்னணு மாற்றமாகவோ அசைந்தால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி அதை நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். இது வழமையான நடைமுறை. வரி அறவீடும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. இந்த அறிவித்தலுக்கு அஞ்சித் தொகையைத் துண்டுதுண்டாக்கி அனுப்புவதே சந்தேகத்தை உண்டாக்கும்.

உண்டியல்

டொரொண்டோவிலோ பாரிசிலோ ஒருவரிடம் பணம் கொடுத்தால், சில மணி நேரத்தில் ஊரில் இன்னொருவர் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார். படிவம் இல்லை, கட்டணம் இல்லை, விலையும் சற்றுக் கூட. போர்க்கால வன்னியில் இந்த வழி வேரூன்றியதில் வியப்பில்லை.

2021இலும் 2022இன் தொடக்கத்திலும் அது உச்சத்துக்குப் போனது. மத்திய வங்கி டொலரின் விலையை ஏறக்குறைய 200 ரூபாயில் பிடித்து வைத்திருக்க, உண்டியல்காரர்கள் அதைவிடப் பல பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். வங்கி வழிப் பணத்துக்கு மத்திய வங்கி டொலருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. 2021 டிசம்பரில் அதை 10 ரூபாயாக்கியது. அப்போதும் பணம் திரும்பவில்லை. வெளிநாட்டில் தொழில் செய்வோர் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020இல் 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடியாகச் சரிந்தது. 2022 மார்ச்சில் விலையைச் சந்தைக்கு விட்டபின் இரு விலைகளும் நெருங்கின. 2024இல் தொகை 650 கோடியைத் தாண்டியது.

விலை வேறுபாடு சுருங்கிவிட்ட நிலையில் உண்டியலில் மிஞ்சுவது இடர்தான். பணம் வராவிட்டால் முறையிட இடமில்லை. உண்டியல்காரர் காசாகத் தராமல் மூன்றாம் ஆள் ஒருவரின் கணக்கிலிருந்து வைப்புச் செய்தால், அந்தப் பணத்தின் மூலம் குறித்த விசாரணையில் பெறுபவரின் கணக்கும் முடக்கப்படலாம். வீடு கட்டவோ காணி வாங்கவோ அப்பணம் செலவானால், விற்கும் நாளில் ‘இது வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

ரூபாயில் வைப்பதா, டொலரில் வைப்பதா

2022–23இல் ரூபாய் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. அந்த வட்டியை மட்டும் பார்த்தவர்கள் நாணயத்தின் வீழ்ச்சியைக் கணக்கில் எடுக்கவில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. தொடக்கத்தில் 20 இலட்சம் ரூபாயை வைப்பில் வைத்தவரின் கையில் 10,000 டொலர் பெறுமதி இருந்தது. மே மாதத்தில் அது 5,600 டொலருக்கும் கீழ். இவ்வீழ்ச்சியை ஓராண்டு வட்டியாலும் ஈடுசெய்ய முடியாது.

இதிலிருந்து ஒரு எளிய பங்கீடு கிடைக்கிறது. ஊரில் செலவாகப்போகும் ஓராண்டுத் தொகையை ரூபாயில் வைக்கலாம்; வெளிநாடு திரும்புவதற்கோ மருத்துவத்துக்கோ வேண்டிய தொகையை வெளிநாட்டு நாணயத்திலேயே விடலாம். ரூபாய் வைப்பு வட்டியில் வங்கி முற்பணமாகக் கழிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாத வதிவாளர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து இக்கழிவைத் தவிர்க்கலாம்.

வங்கி முறிந்தால் காப்புறுதி எவ்வளவு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான் காப்பு. டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் இது 3,700 டொலருக்கும் குறைவு. தாய்லாந்தில் 2021 ஆகஸ்ட் முதல் இவ்வரம்பு 10 இலட்சம் பாத். உயர்ந்த வட்டி காட்டும் நிதிக் கம்பனிகளில் 11 இலட்சம் ரூபாய் வரம்புக்கு மேல் வைப்பது ஆபத்து. 2020 மே மாதத்தில் ‘த பினான்ஸ்’ கம்பனியின் உரிமம் இரத்தானபோது, அன்றைய வரம்பான 6 இலட்சம் ரூபாய்தான் காப்புறுதியாகக் கிடைத்தது.

காணியும் வீடும்

ஒட்டுசுட்டான் பகுதியில் காணி என்றால் முதலில் கேட்க வேண்டியது, அது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதே. முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. அவை பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இன்றிக் கைமாறா. அனுமதிப்பத்திரத்தைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் ‘விற்பனை’ சட்டத்தின் முன் செல்லாது.

உறுதிக் காணியிலும் பிரஜாவுரிமைக் கேள்வி எழும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது. 99 ஆண்டுகள் வரை குத்தகை எடுக்கலாம். இரட்டைப் பிரஜைகளுக்கும், வாரிசுரிமையால் வரும் காணிக்கும் விலக்கு உண்டு. இத்தடையைச் சுற்றிப்போகத் தம்பி பெயரிலோ மருமகன் பெயரிலோ காணி எழுதி, வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டுவது ஊரில் வழக்கம். சட்டப்படி அந்தக் காணியும் வீடும் உறுதியில் பெயருள்ளவருக்கே சொந்தம். அவருடைய கடனுக்கும் மணமுறிவுக்கும் மரணத்துக்கும் அந்த வீடும் உட்படும்.

இரட்டைப் பிரஜை வாங்கும்போது, பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதை நொத்தாரிசு உறுதியிலேயே எழுதச் சொல்வது நல்லது. வங்கியின் உள்வரவுச் சான்று, காசோலைப் பிரதி, உறுதிப் பிரதி மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். தாய்லாந்தில் அடுக்குமாடி வீடு வாங்கும் வெளிநாட்டவரும், பணம் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கான வங்கிச் சான்றைப் பதிவு அலுவலகத்தில் காட்டியே ஆக வேண்டும்.

ஓய்வூதியமும் வரியும்

ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிடும் முன் வெளிநாட்டு ஓய்வூதியத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் அங்கு வதிந்தவருக்கு வெளிநாட்டிலும் தொடரும். அவ்வளவு காலம் வதியாதவர் கனடாவை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது நின்றுவிடும். குறைந்த வருமானத்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவு யாருக்கென்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடராது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கைக்கு வரும். ஆனால் ஆண்டுதோறும் கூடும் உயர்வு இலங்கையில் வாழ்வோருக்கு இல்லை. போன ஆண்டு வாங்கிய தொகையே பத்து ஆண்டு கழித்தும் வரும்.

இலங்கையில் ஓர் ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ தங்கியவர் வரி நோக்கில் வதிவாளர் ஆவார். கனடாவில் வரி வதிவாளராகவே இருப்பவர், 100,000 கனேடிய டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சொத்தை ஆண்டு வரிப்படிவத்தோடு அறிவிக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீடு இதில் சேராது; வங்கி வைப்பும் வாடகைக்கு விட்ட வீடும் சேரும்.

பழைய கணக்குகள், அற்றோர்ணி, நியமனதாரர்

போருக்கு முன் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கிளைகளில் கணக்கு வைத்திருந்து புத்தகத்தைத் தொலைத்தவர்கள் பலர். பத்து ஆண்டுகள் கொடுக்கல்வாங்கல் நடக்காத வைப்பு மத்திய வங்கியின் விசேட கணக்குக்கு மாறும், உரிமை அழியாது. வைப்பாளரோ வாரிசுகளோ பழைய வங்கியிடமே விண்ணப்பித்து மீளப் பெறலாம். கணக்கு இலக்கம் நினைவில் இல்லாவிட்டாலும் பெயர், பழைய அடையாள அட்டை இலக்கம், கிளை ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். வங்கி பதில் தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் ஊர்க் கணக்கை ஒருவர் பார்க்க வேண்டுமானால் அற்றோர்ணித் தத்துவம் கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் எழுதினால் இலங்கைத் தூதரகத்தில் சான்றுப்படுத்தி, இலங்கையில் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பதிவுசெய்ய வேண்டும். எல்லா அதிகாரத்தையும் கொடுக்கும் பொதுத் தத்துவத்தைத் தவிர்த்து, ‘இந்தக் கணக்கில் இந்தச் செலவுக்கு’ என்று வரையறுத்த விசேட தத்துவமே பாதுகாப்பானது. நோக்கம் முடிந்ததும் அதை எழுத்தில் இரத்துச் செய்து வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு கணக்குக்கும் நியமனதாரர் ஒருவரைப் பதிவுசெய்வதற்குச் செலவில்லை. கிளையில் ஒரு படிவம் போதும். அது இல்லாமல் உரிமையாளர் இறந்தால், வாரிசுகள் முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடத்தியே பணத்தை எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்தால் அது ஆண்டுகள் இழுக்கும். அனுமதிப்பத்திரக் காணிக்கும் இதேபோலப் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பதிய வேண்டும். கணக்கு இலக்கங்கள், கிளைகள், உறுதிகள், உள்வரவுச் சான்றுகள் இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நியமனதாரரிடமும், வெளிநாட்டிலுள்ள பிள்ளை ஒருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.